எம்.பியிடம் எதற்குப் போகலாம்? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்க வருகிறவர்களில் பலர் ஒரு கடிதமும் எழுதுவித்துக்கொண்டு போவார்கள். பாதிக்கு மேல் "கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் அவர்கட்கு" என்றுதான் தொடங்கும். எழுதும்போது அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

எங்கட தொகுதி எம்.பி ஆர்?

அப்படி ஒருவர் இப்போது இல்லை. 1977 தேர்தல் வரை தொகுதிக்கு ஓர் எம்.பி இருந்தார். காங்கேசன்துறைக்குச் செல்வநாயகம், வட்டுக்கோட்டைக்கு அமிர்தலிங்கம் என்று ஆளைச் சொன்னாலே ஊர் தெரியும். 1978 அரசியலமைப்பு, கட்சி எடுத்த வாக்குக்கு ஏற்ப இடங்களைப் பிரிக்கும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989 பொதுத் தேர்தல் முதல் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்தே தெரிவு நடக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடக்கம். பழைய 11 தொகுதிகளும் இன்று வாக்கு எண்ணுவதற்கும், கட்சிகள் அமைப்பாளர் நியமிப்பதற்கும்தான் பயன்படுகின்றன. தொகுதி அமைப்பாளர் என்பவர் கட்சிக்காரர், எம்.பி அல்ல.

2024 நவம்பர் தேர்தலில் இங்கே 6 பேர் தெரிவானார்கள். தேசிய மக்கள் சக்தியில் 3 பேர், தமிழரசுக் கட்சியில் ஒருவர், சைக்கிள் சின்னத்துத் தமிழ்க் காங்கிரஸில் ஒருவர், சுயேச்சைக் குழு 17 இல் ஒருவர். நீங்கள் நெடுந்தீவில் இருந்தாலும் பரந்தனில் இருந்தாலும் ஆறு பேருமே உங்கள் எம்.பிமார்தான். யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

முந்தி ஒன்பது பேர் இருந்தவை. ஏன் குறைஞ்சது?

1989 இல் 11, 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6. மாவட்டங்களிலிருந்து தெரிவாகும் 196 பேரில் 36 இடங்கள் மாகாணத்துக்கு 4 என்று ஒதுக்கப்படுகின்றன. மீதி 160 இடங்களைப் பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கையை வைத்தே பிரிக்கிறார்கள். ஆட்கள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போகப் போக எங்கள் பங்கு சுருங்குகிறது. ஊரில் இருப்பவர்களே விதானையார் (கிராம அலுவலர்) கொண்டுவரும் வாக்காளர் படிவத்தை மேசையில் போட்டுவிட்டு மறந்துபோவதும் உண்டு.

எம்.பி, மாகாண சபை, பிரதேச சபை... ஆரிட்ட எதுக்குப் போறது?

இதில் பிழைத்தால் ஆறு மாதம் வீணாகும். ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை, வடிகால், சந்தை, மயானம், கட்டட அனுமதி எல்லாம் உள்ளூராட்சி சபையின் வேலை. யாழ் மாவட்டத்தில் இப்படி 17 சபைகள் உண்டு: ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். 2025 மே மாதம் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கென்றே ஓர் ஆள் இருக்கும்போது தெருவிளக்குக்காக எம்.பியைத் தேடி அலையத் தேவையில்லை.

மாகாணப் பாடசாலைகள், பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை போன்ற ஆதார வைத்தியசாலைகள், நடுத்தர அளவிலான வீதிகள் மாகாணத்தின் கீழ் வரும். போதனா வைத்தியசாலை, தேசியப் பாடசாலைகள், கண்டி வீதி போன்ற பெரிய வீதிகள், மின்சாரம், பொலிஸ், கடற்றொழில், ஓய்வூதியம், கடவுச்சீட்டு எல்லாம் கொழும்பின் கையில். எம்.பியின் குரலுக்குப் பெறுமதி கூட இருப்பது இந்த மூன்றாவது வகையில்தான்.

வீதி என்றால் முதலில் அது யாருடையது என்று பிரதேச சபையிலேயே கேளுங்கள். "அது எங்கட றோட்டில்லை" என்ற பதிலாவது உடனே கிடைக்கும். அதை எழுத்தில் வாங்கினால் அடுத்த அலுவலகத்தில் உதவும்.

மாகாண சபைதான் இல்லையே, அப்ப அந்த வேலையும் எம்.பியின்ரதானே?

சட்டப்படி இல்லை. வடக்கு மாகாண சபைக்கு ஒரே ஒரு தேர்தல்தான் நடந்தது. 2013 செப்டம்பரில் தெரிவான 38 பேரின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநரும் அமைச்சுச் செயலாளர்களும் நடத்துகிறார்கள். ஆசிரியர் இடமாற்றம், ஆதார வைத்தியசாலையில் டொக்டர் பற்றாக்குறை என்று மக்கள் எம்.பியிடம் போவது அதனால்தான். அவர் ஆளுநருக்கு எழுதலாம், கூட்டத்தில் கேட்கலாம். மாகாண அதிகாரிக்கு உத்தரவிட முடியாது. இந்த வெற்றிடத்தின் பழியை எம்.பி தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆனால் தேர்தலை வை என்று பாராளுமன்றத்தில் விடாமல் கேட்பது அவர்களுடைய வேலைதான்.

ஒழுங்கைக்குள்ள மதகு உடைஞ்சு கிடக்கு. எம்.பி காசு தருவாரோ?

அவர் கையில் காசு இல்லை. பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று 1974 இல் தொடங்கிய ஓர் ஏற்பாடு உண்டு. எம்.பி ஒரு வேலையை முன்மொழிவார், பணம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாகப் பிரதேச செயலகத்துக்கு வந்து வேலையாக மாறும். தொகையும் நிபந்தனையும் அரசுக்கு அரசு மாறும். "எம்.பி கட்டித் தந்த மதகு" என்று பலகை வைத்தாலும் அது உங்கள் வரிப்பணம்தான்.

இதைக் கேட்பதென்றால் தனி ஆளாகப் போகாதீர்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம் போல் பதிவுள்ள ஓர் அமைப்பின் பேரில் போங்கள். மதகு இருக்கும் நிலம் பொதுவானது என்பதற்கு விதானையாரின் உறுதிப்படுத்தலும், பிரதேச சபை தொழில்நுட்ப அலுவலரிடம் எடுத்த செலவு மதிப்பீடும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலமும் முக்கியம். ஆண்டு முடிய முன் செலவழியாத ஒதுக்கீடு திரும்பிவிடும். நவம்பரில் மழை வெள்ளம் வந்த பிறகு மதகு ஞாபகம் வந்து ஓடுவதால் பயனில்லை. மாசி, பங்குனியிலேயே கொடுத்துவிட வேண்டும்.

அஸ்வெசுமவில பேர் வரேல்ல. எம்.பி சொன்னாப் போடுவினமோ?

இல்லை. 2023 இல் தொடங்கிய அந்த அரச நிவாரணக் கொடுப்பனவுத் திட்டத்துக்குத் தகுதி பார்ப்பது கணக்கெடுப்பையும் புள்ளியையும் வைத்து. மேன்முறையீடு பிரதேச செயலகம் வழியாக, அறிவித்த திகதிக்குள் போக வேண்டும். எம்.பியின் கடிதம் அந்த மேன்முறையீட்டுக்குப் பதிலாகாது. "எம்.பியிட்டக் குடுத்திட்டன்" என்று நிம்மதியாக இருந்து திகதியைத் தவறவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒரே விதானைப் பிரிவில் இருபது முப்பது குடும்பங்கள் ஒரே காரணத்தால் விடுபட்டிருந்தால் கதை வேறு. அது முறையில் உள்ள பிழை. அந்தப் பட்டியலை எம்.பியிடம் கொடுத்துப் பாராளுமன்றத்தில் கேள்வியாகக் கேட்க வையுங்கள்.

கடிதம் எப்பிடி எழுதினா வேலை நடக்கும்?

ஒரு கடிதத்தில் ஒரே விடயம். மகனுடைய வேலை, கிணற்றுத் தண்ணீர், அக்காவின் ஓய்வூதியம் மூன்றையும் ஒன்றாக எழுதினால் அது எந்த அமைச்சுக்கும் போகாது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வணக்கமும் புகழ்ச்சியும் ஒரு வரியோடு போதும். தமிழினத்தின் காவலன் என்று எழுதினாலும் கோப்பு ஓர் அங்குலம் கூட நகராது.

முதல் பந்தியில் பிரச்சினை, இரண்டாவதில் இதுவரை யாரிடம் எப்போது போனீர்கள், மூன்றாவதில் எம்.பி என்ன செய்ய வேண்டும். அந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "ஆவன செய்யவும்" என்று முடித்தால் எம்.பியின் செயலாளர் அதை அப்படியே ஏதோ ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு இருப்பார். "எனது விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் தராத காரணத்தை இன்ன திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுத் தரவும்" என்று எழுதுங்கள்.

அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, ஜே என்று தொடங்கும் இலக்கத்தோடு விதானைப் பிரிவு, திகதி கட்டாயம். முந்தைய கடிதங்களின் பிரதி இணையுங்கள். காணி உறுதியின் மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால்.

எம்.பி தந்த கடிதத்தோட போனன். அதிகாரி பார்த்திட்டு அங்கால வைச்சிட்டார். அவ்வளவு துணிவோ?

துணிவில்லை, அதுதான் முறை. பிரதேச செயலாளரோ திணைக்களத் தலைவரோ எம்.பிக்குக் கீழ் வேலை செய்பவர்கள் அல்ல. எம்.பியின் கடிதம் ஒரு சிபாரிசு. அதைக் கண்டதும் வரிசையை மாற்றுகிற அதிகாரி உங்களுக்கு இன்று நல்லவர், நாளை வேறொருவரின் கடிதத்துக்காக உங்களைப் பின்னால் தள்ளுவார்.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழில் எழுதலாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு எம்.பியே தேவையில்லை. அந்தப் பதில் கையில் வந்த பிறகு எம்.பியிடம் போனால் அவருக்கும் பேச ஆதாரம் இருக்கும்.

பாராளுமன்றத்தில பேசி என்ன வரப்போகுது? பேசிப்போட்டு வீடியோ போடுகினம்.

பேச்சும் கேள்வியும் ஒன்றல்ல. பேச்சைக் கேட்டுவிட்டு அமைச்சர் எழும்பிப் போகலாம். வாய்மூல விடைக்கான கேள்வி என்பது முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து ஒழுங்குப் பத்திரத்தில் வருவது. அதற்கு அமைச்சு விடை தயாரிக்க வேண்டும். அமைச்சு திணைக்களத்தைக் கேட்கும், திணைக்களம் யாழ்ப்பாணக் கிளையைக் கேட்கும். ஆறு மாதம் தூங்கிய கோப்பு அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் மேசைக்கு வரும். சொன்ன விடை ஹன்சாட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டில் பதிவாகும், பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். அமைச்சர் கால அவகாசம் கேட்டு இழுப்பதும் உண்டு. அதனால் கேட்டதோடு நிற்காத எம்.பிதான் தேவை.

தனிநபர் சட்டமூலம் என்று ஒன்றும் இருக்கிறது. அரசில் இல்லாத உறுப்பினரும் சட்டமூலம் கொண்டுவரலாம். பெரும்பாலானவை அப்படியே கிடந்து போகும். ஆனால் கடலடியை வாரி மீன் பிடிக்கும் இழுவைமடித் தொழிலைத் தடை செய்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம், அப்போது யாழ் மாவட்ட எம்.பியாக இருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தது. இந்திய இழுவைப் படகுகள் இன்றும் வருகின்றனவே என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, வருகின்றன. சட்டம் எழுதுவது எம்.பியின் கை, கடலில் பிடிப்பது கடற்படையின் கை, டெல்லியோடு பேசுவது அரசின் கை. மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் வலை அறுந்தவருக்கு இந்த விளக்கம் ஆறுதலாகாது என்பதும் தெரியும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில சண்டை மட்டும்தானே நடக்குது?

செய்தியில் வருவது சண்டை. அதே கூட்டத்தில்தான் எம்.பிமார், அரச அதிபர், எல்லாத் திணைக்களத் தலைவர்கள் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். நீர்வழங்கல் சபையும் வீதி அதிகார சபையும் ஒன்றையொன்று கைகாட்டும் பிரச்சினைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் விடயம் முன்பே நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். கூட்டத்தன்று காலை எம்.பியின் கையில் திணிக்கும் துண்டு அவருடைய சட்டைப் பையோடு வீட்டுக்குப் போய்விடும். சின்ன விடயங்களுக்குப் பிரதேச மட்டக் கூட்டம் போதும், யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் அது உண்டு.

கொழும்பில இருந்து சிங்களத்தில கடிதம் வந்திருக்கு. எம்.பியிட்டக் குடுத்து வாசிக்கலாமோ?

வாசிப்பிக்கலாம். ஆனால் அது உங்கள் குறைபாடு அல்ல, அனுப்பியவரின் பிழை. தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் தருவது அரசியலமைப்புச் சொல்கிற கடமை. கடிதத்தின் பிரதியோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். பிரதியை எம்.பிக்கும் கொடுங்கள். தனிக் கடிதமாகப் பார்த்தால் சின்ன விடயம், ஒரே திணைக்களத்தின் பத்துக் கடிதங்கள் சேர்ந்தால் அமைச்சரிடம் கேட்கத்தக்க கேள்வி.

பெடியனைப் பொலிஸ் கொண்டு போட்டுது. எம்.பி ஒரு கோல் எடுத்தா விடுவினமோ?

முதல் கோல் சட்டத்தரணிக்கு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது பொது விதி. வசதி இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அடித்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். எம்.பி பொறுப்பதிகாரியிடம் எங்கே, எதற்காக என்று கேட்கலாம், அது பலமுறை ஆளைக் காப்பாற்றியும் இருக்கிறது. விடு என்று சொல்ல முடியாது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு அவர் தலையிட்டால் உங்கள் பிள்ளைக்கே கெடுதல்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிட்டார். எம்.பியிட்டப் போகலாமோ?

வேண்டாம். மத்தியஸ்த சபை, பிறகு நீதிமன்றம். அவரும் அதே எம்.பியின் வாக்காளர்தான்.

வேலை எடுத்துத் தாறன் எண்டு எம்.பின்ர ஆள் காசு கேக்கிறார்.

கொடுக்காதீர்கள். எம்.பிக்குத் தெரிந்து கேட்டாலும் தெரியாமல் கேட்டாலும் அது குற்றம். கொடுப்பவரும் மாட்டுவார். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அரச வேலைக்கு ஆள் எடுப்பது வர்த்தமானி (அரச அறிவித்தல் இதழ்), பரீட்சை, நேர்முகம் வழியாக. காசு வாங்கியவர்களில் பலர் செய்யும் தந்திரம் எளியது. பத்துப் பேரிடம் வாங்குவார்கள், தம் திறமையால் தெரிவான இரண்டு பேரின் காசை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்குத் தவணை சொல்வார்கள்.

எங்கட காணியை வர்த்தமானியில போட்டிட்டாங்கள். எம்.பி பாத்துக்கொள்ளுவார்தானே?

இங்கேதான் மிகக் கவனம் வேண்டும். 2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானியில் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் பற்றி அறிவித்தல் வந்தது. 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்பது அதன் பொருள். தமிழ் எம்.பிமார் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்கள், அது தேவையானதுதான். ஆனால் யூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டது ஒரு மனுவின் பேரில். அந்த மனுவைப் போட்ட சுமந்திரன் அந்த நேரம் எம்.பி கூட இல்லை.

எம்.பியின் பேச்சு எந்தக் காலக்கெடுவையும் நிறுத்தாது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. எம்.பியிடம் கொடுத்த கடிதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அஸ்வெசும பற்றிச் சொன்னதும் இதே காரணத்தால்தான், காணியில் நட்டம் பெரிது. உறுதி, நில அளவைப் படம், தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எல்லாம் எடுத்துக்கொண்டு முதலில் சட்டத்தரணியிடம் போங்கள், அப்புறம் எம்.பி.

நான் கனடாவில. ஊர்க் காணிப் பிரச்சினைக்கு எம்.பிக்கு எழுதலாமோ?

எழுதலாம், வாக்கு இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அலுவலகம் ஏறி இறங்க ஊரில் ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருக்க வேண்டும். வட்சப்பில் எம்.பிக்கு அனுப்பும் குரல் பதிவு எந்தக் கோப்பிலும் சேராது.

ஒரே விசயத்தை ஆறு பேரிட்டையும் குடுக்கலாமோ?

கொடுக்கலாம், ஆனால் யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள். ஆறு பேரும் தனித்தனியே ஒரே அதிகாரிக்கு எழுதினால் அவர் ஆறுக்கும் ஒரே பதிலை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவார். ஆளும் கட்சி எம்.பி அமைச்சரின் அறைக்குள் நேரே போகலாம், ஆனால் சபையில் அமைச்சரைச் சங்கடப்படுத்தத் தயங்குவார். எதிர்க்கட்சி எம்.பிக்கு அந்தத் தயக்கம் இல்லை, கதவுதான் இல்லை. அமைதியாக முடியக்கூடியதை முதலாமவரிடமும், மறைக்கப்படுவதை இரண்டாமவரிடமும் கொடுப்பது புத்தி.

ஒண்டும் செய்யாத எம்.பியை இடையில நீக்கேலுமோ?

மக்களால் முடியாது, அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. கட்சி விலக்கினால் போகலாம், நீதிமன்றம் அதைச் செல்லாது என்றும் சொல்லலாம். சபையின் அனுமதியின்றித் தொடர்ந்து 3 மாதம் வராவிட்டால் ஆசனம் போகும். 1983 இல், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற ஆறாவது திருத்தத்தின் சத்தியத்தை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பிமார் அப்படித்தான் இழந்தார்கள். அதன் பிறகு 1989 வரை யாழ்ப்பாணத்துக்கு எம்.பியே இல்லை. இப்போது இடம் காலியானால் இடைத்தேர்தல் இல்லை, அதே பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குக்காரர் வருவார்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுப் போக ஓர் எம்.பியின் கை தேவை, ஆனால் எந்த எம்.பியும் போதும், மட்டக்களப்பு எம்.பியாக இருந்தாலும் சரி. அந்தக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன், இன்னும் எளிது. 1981 இல் அந்தப் பதவி வந்தபோது பாராளுமன்றம் வழியாகத்தான் போக முடிந்தது. 1994 இல் சட்டத்தைத் திருத்திய பிறகு பொதுமக்கள் நேரே எழுதலாம். மேலே சொன்ன அதே மூன்று பந்திக் கடிதம்தான், மேல்விலாசத்தை மட்டும் மாற்றுங்கள்.